கேரட் மெஷின்கள் கரண்டை நிறுத்திய நாள்

நோட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள், பிள்ளைகளா. எழுதிக்கொள்கிற மாதிரி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ரிலேயில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன தடவை நான் வந்தபோது உங்களில் ஒரு பெண் அரை நிமிடத்தில் செட்டிங்கை மாற்றிக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. அந்தப் பயம் ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜீனத். பழனி கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் மகள். பித்தளையை எடை போடும்போது தராசு முள் ஆடி நிற்கிற வரைக்கும் என் அத்தா வாயைத் திறக்க மாட்டார். வாங்க வந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. அந்த வீட்டில் வளர்ந்த நான், முள் நிற்கவே நிற்காத ஒரு வேலைக்கு வந்து சேர்ந்தேன். மின்வாரியத்தின் ரிலே சோதனைப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். முள் எங்கே நிற்கிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நம் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறது. அதைத்தான் பிரீக்வென்சி என்கிறோம். தயாரிக்கிறதைவிடச் செலவு அதிகமானால் அது ஐம்பதிலிருந்து இறங்கும், செலவு குறைந்தால் ஏறும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைவிட என்ன வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் ஆபத்தை முதலில் சொல்லும் என்பது வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வது. ஆனால் அந்த வேகத்தை யாரும் நேரடியாகப் பார்த்துவிட முடியாது. இரண்டு அளவு எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மதிப்பிட வேண்டும்.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை தெர்மாமீட்டர் வைத்தால், அக்குளில் அது சரியாக உட்காராததுகூடக் காய்ச்சல் ஏறுகிற மாதிரி காட்டும். பதறிப்போய் ஆட்டோ பிடிப்பீர்கள். அரை நாள் விட்டுப் பார்த்தால் கணக்கு பிசகாது, ஆனால் அதற்குள் பிள்ளைக்கு வலிப்பே வந்துவிடும். எவ்வளவு இடைவெளி விட்டுப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அந்த ஒரு எண்ணில்தான் நான் தப்பு செய்தேன்.

அடுக்கம் வழியாக மலை ஏறிப் போகிற ஒரு லைன் உண்டு. கொடைக்கானல் ஊருக்குள் போகாமல் மேலே மேலே போய்க் கூக்காலில் முடியும். பாதி வழியில், ஓடைத் தண்ணீரில் ஓடும் தனியார் நீர்மின் நிலையம் ஒன்று அந்த லைனோடு சேர்ந்திருந்தது. சின்ன ஸ்டேஷன்தான். அதற்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. கீழே சமவெளியிலிருந்து வரும் கரண்டு எந்தக் காரணத்தாலாவது அறுந்துபோனால், கண் மூடித் திறப்பதற்குள் அது லைனிலிருந்து விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் கீழே இருப்பவர்கள் லைன் செத்துவிட்டது என்று நினைப்பார்கள், ஸ்டேஷன் மேலிருந்து அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் கம்பத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விலகலுக்குத்தான் அங்கே ஒரு பெட்டி. பிரீக்வென்சி மாறும் வேகத்தை அளந்துகொண்டே இருக்கும் ரிலே. கீழ்க் கரண்டு அறுந்தால் மலை தனியாகிவிடும். தனியான மலையில் தயாரிப்பும் செலவும் அச்சு அசலாகச் சமமாக இருப்பது அபூர்வம். பிரீக்வென்சி விறுவிறுவென்று ஏறும் அல்லது இறங்கும். பெட்டி அந்த வேகத்தைப் பார்த்து ஸ்டேஷனை விலக்கிவிடும். சோதித்து செட்டிங் வைத்து, கையெழுத்துப் போட்டது நான்.

அந்தப் பெட்டியோடு எனக்கு ஓயாத தலைவலி. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் நாலு தடவை, ஒரு காரணமும் இல்லாமல் ஸ்டேஷனை விலக்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மேனேஜர் எனக்குப் போன் செய்வார். மரியாதைக்காரர்தான், ஆனால் அவர் "மேடம்" என்று இழுக்கிற இழுப்பிலேயே கோபம் தெரியும். நான் லைன் நெடுக ஏறி இறங்கி, கடைசியில் காரணத்தைக் கூக்காலில் கண்டுபிடித்தேன்.

காரணம் கேரட். பறித்த கேரட்டை லாரியில் ஏற்றும் முன் மண் போகக் கழுவ வேண்டும். பெரிய டிரம் சுற்றும், தண்ணீர் பாயும். கூக்காலில் அப்படிப் பதினொரு மெஷின்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மடை. ஊர்க் கட்டுப்பாட்டில் அந்த மடையைத் தினமும் குறிப்பிட்ட நேரம்தான் திறப்பார்கள். தண்ணீர் வந்த நொடியில் பதினொரு பேரும் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். பிந்தினவருக்குத் தண்ணீர் போய்விடும். பதினொரு மோட்டாரும் ஒன்றாக எழும்பும்போது லைன் ஒரு குலுங்கு குலுங்கும். பிரீக்வென்சி உண்மையில் மாறியிருக்காது. ஆனால் மிகக் குறுகிய இடைவெளியில் அளந்துகொண்டிருந்த என் பெட்டிக்கு அந்தக் குலுங்கல் பெரிய சரிவாகத் தெரிந்தது.

நேரே போய்ச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விடுங்கள் என்று கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன். அங்கே மெஷின்காரர்களுக்கெல்லாம் பேச்சாளி ராசாத்தி. சொந்தமாக இரண்டு மெஷின் வைத்திருந்த பெண். என் வயதுதான் இருக்கும். "செஞ்சுருவோம் மேடம்" என்றாள். ஒரு வாரம் செய்தார்கள். அப்புறம் யாருக்கு முதல் சுவிட்சு என்று சண்டை வந்து, மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது. நானும் மூன்று தடவை போய்க் கத்திவிட்டு வந்தேன்.

மனிதர்களை மாற்ற முடியவில்லை என்று பெட்டியை மாற்றினேன். அளக்கும் இடைவெளியைக் கண் சிமிட்டும் நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு நொடிக்கு நீட்டினேன். குலுங்கல் அதற்குள் வந்து அடங்கி, சராசரியில் கரைந்து போய்விடும். எவ்வளவு வேகமானால் விலக்க வேண்டும் என்ற அளவையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அரை நிமிட வேலை. அதற்குப் பிறகு பெட்டி வாயே திறக்கவில்லை. மேனேஜர் போன் செய்து நன்றி சொன்னார். நான் அந்த வாரம் முழுக்க மிதந்துகொண்டு திரிந்தேன். பெட்டி பொய்யாகக் கத்துவதை நிறுத்திவிட்டேன், சரி. நிஜத்துக்குக் கத்துமா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சில மாதம் கழித்து ஐப்பசி மழையில் கூக்காலுக்குப் போனேன். வேறு சோலி ஒன்றும் இல்லை. நான் செய்தது சரிதான் என்று ஒரு அறிக்கை எழுத ஆசை. ராசாத்தியின் கொட்டகையில் ஒரு பதிவுக் கருவியை மாட்டி, பிரீக்வென்சியைக் கோடாக மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்பகல். கூக்கால் ஏரிக்கு மேல் மேகம் இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. மழையில் யாரும் தோட்டத்தில் இறங்கவில்லை. முந்தின நாள் பறித்த கேரட் மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடந்தது. மடை திறந்தே கிடந்தது, தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே துணை மின்நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆபரேட்டர் பேசினார். அடுக்கம் வளைவில் மரம் விழுந்து லைன் போய்விட்டது, கீழே பிரேக்கர் விழுந்து கரண்டு தானாக நின்றுவிட்டது, லைன்மேன் பாண்டி ஆட்களோடு போய்விட்டார், ஏறலாம் என்று லைன் கிளியரும் கொடுத்தாயிற்று என்றார். நான் "சரி" என்றேன். வழக்கமான தகவல்தானே. போன் பாதியில் அறுந்தது. கூக்காலில் மழை வந்தால் டவர் போய்விடும்.

போனைப் பையில் வைக்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் கொட்டகை பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. நாயுடுபுரம் பக்கத்து லைனோடு இந்த ஊர்களை இணைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்வதும் உண்டு. மூளை எப்போதும் சௌகரியமான பதிலைத்தான் முதலில் எடுத்து நீட்டும். அந்த நேரம் பார்த்து ராசாத்தி ஒரு மெஷினைப் போட்டாள். திரையில் கோடு இறங்கியது.

குலுங்கல் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஒரு துள்ளல், உடனே பழைய இடம். இது அப்படி இல்லை. கோடு சாய்ந்தது. சாய்ந்து கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போய், அப்புறம் மெதுவாக ஏறி வந்தது. கீழ்ச் சமவெளியோடு நாங்கள் சேர்ந்திருந்தால் கூக்காலில் ஒரு மெஷின் ஓடுவது அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு கேரட் மெஷினுக்காக நாடு முழுக்கப் பிரீக்வென்சி இறங்காது. இறங்குகிறது என்றால், இந்த மெஷினுக்குக் கரண்டு கொடுப்பது சின்ன ஸ்டேஷன் ஒன்றுதான். மலை தனியாக நிற்கிறது. ஸ்டேஷன் விலகவில்லை.

அன்று மழைக்கு மலையின் செலவும் ஸ்டேஷனின் தயாரிப்பும் கிட்டத்தட்டச் சமமாக இருந்திருக்கின்றன. அறுந்தபோது சின்னச் சரிவுதான் வந்திருக்கும். பழைய செட்டிங் இருந்திருந்தால் அதற்கே விலகியிருக்கும். அது தப்பினாலும் ராசாத்தியின் இந்த ஒரு மெஷினுக்கு நிச்சயம் விலகியிருக்கும். நான் மந்தமாக்கி வைத்த பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அடுக்கத்தில் பாண்டி என் செட்டிங்கை நம்பித்தான் ஏறப் போகிறார்.

போன் எடுத்தேன், டவர் இல்லை. கொட்டகைக்கு வெளியே ஓடி மேட்டில் நின்று பார்த்தேன், இல்லை. ஜீப்பில் போனால் ஸ்டேஷனுக்கு ஒன்றரை மணி நேரம், அடுக்கத்துக்கு இரண்டரை. பாண்டி ஜீப்பை விட்டு இறங்கி அந்தச் சரிவில் கம்பத்துக்கு நடக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்த லைன் ஒன்றுதான். சேதி சொல்வதென்றால் அதன் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

கூக்கால் ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டால் செலவு குறைந்து பிரீக்வென்சி ஏறுமே என்று இப்போது உங்களில் யாராவது நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பிடுங்குவதற்கு அங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது? நாலு பல்பும் ஒரு மெஷினும். நிறுத்த ஒன்றும் இல்லை என்பதால் ஓட வைக்க முடிவு செய்தேன். எதைச் செய்யாதீர்கள் என்று நான் மாதக்கணக்கில் கத்தினேனோ, அதையே செய்யச் சொல்லி ராசாத்தியிடம் போய் நின்றேன். பதினொன்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான மேடம் ஒண்ணொண்ணா போடுங்கன்னு எங்க உசுர வாங்குனீங்க?"

"ராசாத்தி, கீழ அடுக்கத்துல ஒரு மனுசன் கம்பத்துல ஏறப் போறாரு. லைன் செத்துருச்சுன்னு நெனச்சு ஏறுறாரு. அது சாகல. இங்கருந்துதான் சாகடிக்கணும்."

அவள் பல்பைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் எதிர்க் கொட்டகைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏலே, எல்லாரும் மெஷினுக்கு வெரசா வாங்க. கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்."

டீக்கடையிலிருந்து, வீடுகளிலிருந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நான் திரை முன்னால் நின்றேன். ராசாத்தி கையை உயர்த்தி இறக்கினாள். பதினொரு மெஷினும் எழும்பின. பல்பு சட்டென்று மங்கியது. கோடு செங்குத்தாக விழுந்தது. பல்பு மறுபடியும் பிரகாசமாக எரிந்தது.

பெட்டி ஸ்டேஷனை விலக்கவில்லை.

அந்த இடத்தில்தான் பிள்ளைகளா, என் கெட்டிக்காரத்தனம் என்னையே முகத்தில் அறைந்தது. கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிவு படுவேகம்தான், ஆனால் அரை நொடிகூட நீடிக்கவில்லை. காலி டிரம்கள் சட்டென்று வேகம் பிடித்துவிட்டன, ஸ்டேஷனும் சமாளித்துக்கொண்டது. ஒரு நொடி இடைவெளியில் அளக்கிற என் பெட்டி இந்தச் சரிவைச் சராசரியில் கரைத்து, ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டது. அதற்காகத்தானே அதை அப்படி வைத்தேன். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது மட்டும் போதாது. அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் வேண்டும். எனக்கு ஒரு முழு நொடிக்கு மேல் விழுந்துகொண்டே இருக்கும் சரிவு தேவைப்பட்டது.

டிரம் கனமாக இருந்தால் மோட்டார் திணறும். திணறினால் எழும்ப நேரமாகும். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லா டிரம்மிலும் வாய் வரைக்கும் கேரட் கொட்டச் சொன்னேன். பெண்களும் ஆண்களுமாக மூட்டையைப் பிரித்துக் கொட்ட ஆரம்பித்தார்கள். நானும் ஒரு மூட்டையைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிஷம் போல் நீளமான பத்து நிமிஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு கிழவர் இவ்வளவு ரொப்பினால் மோட்டார் எரிந்துபோகும் என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது நியாயம். ராசாத்தி தன் இரண்டு டிரம்மையும் மற்றவர்களைவிட அதிகமாக ரொப்பினாள்.

இரண்டாவது தடவை அவள் கை இறங்கியது. மோட்டார்கள் உறுமின, ஆனால் டிரம்கள் நகர அடம்பிடித்தன. பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, உள்ளே கம்பி மட்டும் தெரிகிற அளவுக்குச் சுருங்கியது. கோடு இறங்கிக்கொண்டே போனது. மனதுக்குள் எண்ணினேன், ஒன்றைத் தாண்டினேன். பல்பு அணைந்தது. பதினொரு மெஷினும் ஒன்றாக நின்றன. கொட்டகையில் வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ராசாத்தியின் ஒரு மோட்டாரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கரண்டு போனதற்காகக் கைதட்டிய ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும். கரண்டு ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தச் சந்தோஷம் ஜீப்பில் ஏறும் வரைதான் இருந்தது. லைன் செத்துவிட்டது, சரி. பாண்டி அதற்கு முன்னால் கையை வைத்திருந்தால்? முதல் தடவை தோற்றுப்போன பிறகு போன அந்தப் பத்து நிமிஷத்தில் ஏறியிருந்தால்? வழியெல்லாம் அதே நினைப்பு. மழைக்கு ஜீப் ஊர்ந்தது. பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் டவர் வந்தது. பாண்டிக்கு அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. மேனேஜருக்கு அடித்தேன்.

"மறுபடியும் கேரட் மெஷினா மேடம்?" என்று ஆரம்பித்தார்.

ஆமாம், கேரட் மெஷின்தான், நான் நேரில் வரும் வரை எதையும் தொடாதீர்கள் என்றேன். தொட மாட்டோம் என்றார். அவர் நல்ல மனிதர், ஆனால் நான் நம்பவில்லை. அந்த ஸ்டேஷனில் பெட்டி பொய்யாக விலக்கி விலக்கி, விலகினால் உடனே மறுபடியும் ஓட்டுவது அவர்களுக்குக் கை பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்துக்கும் காரணம் நான் வைத்த முதல் செட்டிங்தான். அடுக்கத்துக்குத்தான் என் மனசு ஓடியது. பாண்டி உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. இருந்தாலும் ஸ்டேஷனுக்கு முதலில் போனேன். ஜீப் கருவிப்பெட்டியின் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய், ஸ்டேஷனை லைனோடு சேர்க்கும் பிரேக்கரில் மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன். மேனேஜர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சமாதானம் சொல்ல எனக்கு நேரமில்லை.

அடுக்கம் வளைவுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. கம்பி அறுந்து, மேல் பக்கத்து நுனி தரையைத் தொடாமல் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டிருந்தால் அப்போதே ஸ்டேஷன் நின்றிருக்கும். தார்ப்பாய்க்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். நாலு பேர். பாண்டி ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் பார்த்தார்கள்.

பாண்டி எழுந்து வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். அவரே சொன்னார். "மேல ஏறி பெல்ட்ட மாட்டிட்டேன் மேடம். எர்த்து போடுற ராடு மரத்துக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு. லைன் கிளியர்தானேன்னு விட்டுட்டேன். ஙொய்னு ஒரு சத்தம். மழைக்கு வண்டு கத்துதுன்னு நெனச்சேன். கைய நீட்டப் போறேன், டக்குனு நின்னுபோச்சு. வண்டுன்னா ஒண்ணு நிறுத்துனா ஒண்ணு கத்தும்ல? மொத்தமா எப்படி நிக்கும்?"

அது வண்டு இல்லை. நனைந்த பீங்கான் இன்சுலேட்டரில் கரண்டு முனகிய சத்தம். அவருக்கு அது நின்ற பிறகுதான் புரிந்தது. அப்படியே இறங்கி வந்து உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு எழவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. பாண்டிக்கே பயம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். லைனைத் தரையோடு இணைக்கும் அந்த ராடைப் போடாமல் ஏறியதற்கு வேறொரு நாளாக இருந்தால் அவரை நார்நாராகக் கிழித்திருப்பேன். அன்று என்னிடம் அந்த யோக்கியதை இல்லை.

"பாண்டியண்ணே, அந்தப் பெட்டிய மந்தமாக்குனது நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேரட்டில் ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல். மற்றவர்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். பாண்டி நான் சொல்லி முடிக்கும் வரை கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப செத்துருச்சா?" என்று கேட்டார்.

"செத்துருச்சு."

"எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷ வேலையில் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதிகாரிகள் கேட்டதில்லை, மேனேஜர் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொண்டதில்லை. கோட்டைப் பார்த்தேன், வேகத்தைக் கணக்கிட்டேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். அதெல்லாம் மதிப்பீடு. எவ்வளவு நல்ல மதிப்பீடாக இருந்தாலும் ஒரு ஆளை அதன் மேல் ஏற்றக் கூடாது. பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஸ்டேஷன் பிரேக்கரைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன், இதற்கு வேறு சாவி கிடையாது என்றேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டினார். ஒருவரை அனுப்பி எர்த்து ராடை எடுத்து வரச் சொன்னார். ராடைப் போட்டுவிட்டு ஏறினார். நான் கீழே கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறுகிறவர் சட்டைப் பையில் சாவி இருக்க வேண்டும் என்று இப்போது உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதல்லவா? எழுதிக் கொடுத்தது நான். கண்டுபிடித்தது பாண்டி. பெட்டியின் இடைவெளியையும் மறுநாள் குறைத்தேன். பழைய அளவுக்கு இல்லை, குலுங்கலுக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு இடம். அதைக் கண்டுபிடிக்கக் கூக்காலில் ராசாத்தியோடு நாலு நாள் உட்கார்ந்து மெஷின்களைப் போட்டுப் போட்டுச் சோதித்தேன். அரை நிமிட வேலைக்கு நாலு நாள்.

சாயங்காலம் லைன் கட்டி முடிந்தது. கீழேயிருந்து கரண்டு விட்டார்கள், மலையெல்லாம் வெளிச்சம் வந்தது. ஸ்டேஷனைத் திறந்துவிடலாம் என்று பாண்டியிடம் சாவியைக் கேட்டேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளனே கொண்டாந்து தர்றேன் மேடம். இன்னைக்கு ஒரு நா எங்கிட்டயே இருக்கட்டும்."

சரிங்கண்ணே என்றேன். வீடு திரும்பும் வழியில் மேனேஜர் மறுபடியும் போன் செய்தார். லைன் வந்துவிட்டதே, ஸ்டேஷனை எப்போது ஓட்டுவது என்று அவருடைய அந்த இழுப்போடு கேட்டார். நாளைக்குத்தான் சார் ஓட்ட முடியும், சாவி லைன்மேன் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.